எல்லாரும் கையை எடுங்க

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை, பார்வையாளராக இருப்பது. சபாவில் அல்ல. தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடி அறையில். ஓர் அம்மாள் கைப்பேசிக்கு முன்னால் நின்று நேரலையில் புடவை விற்பார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து என் கைப்பேசியில் அதைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தால் திரையின் மூலையில் ‘1’ என்று காட்டும். பார்க்காவிட்டால் பூஜ்யம். பூஜ்யம் போட்ட கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள் என்பதால் அந்த ‘1’ ஒரு பதவிதான். வாழ்நாள் முழுக்கக் கோப்பு பார்த்த எனக்கு அது பெரிய இறக்கமாகத் தெரியவில்லை. அங்கேயும் பல நாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாளை முதல், புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் கமெண்ட் வாசிக்கும் நாற்காலியில் முறைவைத்து உட்காரப் போகிறீர்கள். என் கண்ணுக்கு இனித் திரை கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பது எங்கள் அலுவலக வழக்கம். யாரும் படிக்க மாட்டார்கள், ஆனாலும் எழுதுவோம். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு, எந்தப் பொத்தானை எப்போது அழுத்தக் கூடாது என்று நான் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு பிற்பகலைப் பற்றி எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற நம் முதலாளி என்னைவிட மிகவும் இளையவர். ஆனாலும் இதில் நானும் அக்கா என்றே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் திட்டுவார். அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். நான் அவரிடம் போனது வேலை கேட்டு அல்ல, புகார் கொடுக்க. திரையில் மயில்கழுத்து நிறமாகத் தெரிந்த புடவை, மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்தபோது பாட்டில் பச்சையாக இருந்தது. பொருள், பார்வை, நடந்தது, கோரும் நிவாரணம் என்று தலைப்புப் போட்டு இரண்டு பக்கம் எழுதி நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தார்.

“மாமி, இவ்ளோ ஒழுங்கா யாரும் என்னைத் திட்டினதே இல்ல. வேலைக்கு வரீங்களா?”

“முதல்ல புடவைக்குப் பதில் சொல்லு.”

“அத மாத்தித் தரேன். லைட்டு தப்பு, புதுசு வாங்கணும். வேலைக்கு வரீங்களா?”

வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அவரை இங்கே அழைத்து வாருங்கள். முதல் சில மாதங்கள் அக்கா பேசியது என்னிடம் மட்டும்தான். என்னிடம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த என்னிடம். ‘1’ சில நாள் ‘3’ ஆகும்: நான், அக்காவின் நாத்தனார், வழி தவறி வந்த யாரோ. அந்த மூன்று பேருக்கு அவர் முந்தானையை விரித்துக் காட்டிய உற்சாகத்தைப் பார்த்தால் வாசலில் ரங்கநாதன் தெருக் கூட்டம் நிற்கிறது என்று நினைப்பீர்கள். தொண்டை கட்டும். கால் வீங்கும். நேரலையை யார் யார் கண்ணில் காட்டுவது என்று தீர்மானிக்கும் கம்பெனிக் கணினி, நேற்று நூறு பேருக்குக் காட்டியதை இன்று என்ன கோபமோ பத்துப் பேருக்குக் காட்டும். ஏன் என்று கேட்க ஒரு ஜன்னல் கிடையாது, ஓர் அதிகாரி கிடையாது, மேல்முறையீடு கிடையாது. நான் இரண்டு மனு அனுப்பினேன். இரண்டுக்கும் ஒரே பதில், ஒரே நொடியில் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் துறையில்கூட அவ்வளவு வேகமாக யாரும் கைவிரித்ததில்லை.

மெல்லக் கூட்டம் சேர்ந்தது. நான் பக்கத்து அறையிலிருந்து கேமராவுக்குப் பக்கத்து நாற்காலிக்கு வந்தேன். திரையில் ஓடும் கமெண்டுகளை ஊரும் பேருமாக வாசிப்பது என் வேலை. என் முகத்தைப் பார்க்காத பெண்கள் என்னைக் ‘கமெண்ட் மாமி’ என்றார்கள். அக்கா டீச்சர் புத்தி மாறாதவர். ஒவ்வொரு நேரலையையும் வருகைப் பதிவோடுதான் தொடங்குவார். “மடிப்பாக்கம் உமா?” என்று கேட்டால், “உள்ளேன் அக்கா” என்று கமெண்ட் வரும். பேரிளம் பெண்கள், பாட்டியான பெண்கள், வங்கி மேலாளர்கள், எல்லோரும் ‘உள்ளேன்’ போட்டார்கள். புடவை வாங்காதவர்கள்கூட அதற்காக வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ‘சாவித்திரி, ஆதம்பாக்கம்’. ஒருநாளும் வாங்கியதில்லை. உள்ளேன் போட்டுவிட்டு, முடியும்வரை சத்தமில்லாமல் இருப்பார். ஒருமுறை அக்கா சீண்டினார்.

“சாவித்திரிம்மா, பாத்துக்கிட்டே இருக்கீங்களே, பொண்ணுக்கோ மருமகளுக்கோ ஒண்ணு எடுங்களேன்!”

பதிலை நான்தான் வாசித்தேன். “கட்டிண்டு போக இடம் இல்லைம்மா. ஆத்துல நான் ஒருத்திதான். உன் குரல் கேட்கத்தான் வரேன்.”

வாங்காத வாடிக்கையாளர் என்று என் மனசில் ஒரு வகை உண்டு. அதில் அவரைப் போட்டு மூடினேன். அக்கா அவரை எங்கே வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருடத் தீபாவளிக்கு அக்கா துணிந்து ஒரு காரியம் செய்திருந்தார். பள்ளிக்கூட வேலையை முழுக்க விட்டுவிட்டு, ஆரணி வியாபாரி ஒருவர் நம்பிக்கையின் பேரில் அனுப்பிய பெரிய மூட்டையை இறக்கி அறை முழுக்க அடுக்கியிருந்தார். பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் நேரலையில் அது கரைய வேண்டும். கரைந்தால் இந்த அறையும் இந்தத் தொழிலும் தங்கும். கரையாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு மறுபடி சாக்பீஸ் எடுக்க வேண்டும். இது அக்காவுக்கும் எனக்கும் பார்சல் எடுக்க வரும் திருவல்லிக்கேணி தாஸுக்கும் நன்றாகத் தெரியும். தாஸ் அன்று முன்னதாகவே வந்து மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா மாமி, கூட்டம் சும்மா அள்ளுது போல கீதே!”

“வாயை மூடிண்டு தட்டுங்கோ.”

தட்டுவது என்றால் உங்களுக்குத் தெரியும். பார்ப்பவர் திரையில் எங்கே தட்டினாலும் ஒரு சிவப்பு இதயம் கிளம்பி மிதந்து மேலே போகும். இதயம் அதிகம் பறக்கிற நேரலையைத்தான் கணினி இன்னும் நாலு பேருக்குக் காட்டும். அதனால் எங்கள் அறையில் வெட்டிக்கை கிடையாது. நான் ஒரு கையால் கமெண்டைத் தள்ளுவேன், மறு கையால் இன்னொரு கைப்பேசியில் தட்டுவேன். தாஸ் தன் கைப்பேசியில் தட்டுவார். அன்று ஆயிரத்துச் சொச்சம் பேர். ஓரத்தில் இதயங்கள் பாலில் பொங்கும் நுரைபோல் கிளம்பிக்கொண்டே இருந்தன. கமெண்டுகள் வாசிக்க முடியாத வேகத்தில் ஓடின. அக்கா ஒரு புடவையைக் காட்டி முடிப்பதற்குள் அதற்கு மூன்று பேர் காத்திருப்பில் இருந்தார்கள். மூட்டையில் கால்வாசி போயிருக்கும்.

அப்போதுதான் சாவித்திரியின் பெயரில் ஒரு கமெண்ட் வந்தது. எழுத்துகள் மட்டும், வார்த்தை இல்லை. ஏதோ ஒரே எழுத்து நாலைந்து தடவை, நடுவில் ஒரு புள்ளி, பிறகு வேறு எழுத்து. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

போட்டிக் கடைக்காரர்கள் சில சமயம் ஆள்வைத்து இப்படிக் குப்பை கொட்டுவது உண்டு. அதற்கென்று நானே ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்: அர்த்தமற்ற கமெண்ட் மூன்று வந்தால் அந்த நபரை நேரலையிலிருந்து விலக்குக. மற்றவர்களும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். “பேரன் போனை எடுத்துட்டான்”, “ஆதம்பாக்கத்துல குரங்கு புகுந்துடுச்சு” என்று கமெண்ட் வந்தது. என் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

“மாமி, யாரு அது?” அக்கா அரக்குப் புடவை ஒன்றைத் தோளில் போட்டிருந்தார். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியேதான் கேட்டார்.

“சாவித்திரி, ஆதம்பாக்கம். பேரன் விளையாடறான் போலிருக்கு. எடுத்துடட்டுமா?”

“அவங்களுக்கு ஏது பேரன்?”

சிரிப்பு நின்றுவிட்டது. தோளிலிருந்த புடவையை எடுத்து மேஜைமேல் போட்டார். மடிக்கக்கூட இல்லை. அவர் மடிக்காமல் புடவையைக் கீழே வைத்து நான் பார்த்ததே கிடையாது.

“எடுக்காதீங்க மாமி. சாவித்திரிம்மா, நான் பேசறது கேக்குதா? கேட்டா ஒண்ணு போடுங்க.”

நாம் பேசுவது அவர்களுக்குப் போய்ச்சேரச் சில நொடி ஆகும். காத்திருந்தோம். அதற்குள் நூறு கமெண்ட். அரக்கு எனக்கு, அரக்கு எனக்கு, விலை ப்ளீஸ், அடுத்ததைக் காட்டுங்க. அந்த வெள்ளத்தில் ஒரு பதில் வந்திருந்தால்கூட எங்களுக்குத் தெரிந்திருக்காது. அக்கா அதைப் பார்த்தார். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கால்வாசி கரைந்த மூட்டை, பொங்கிக்கொண்டிருக்கும் கூட்டம்; எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார். வகுப்பில் சத்தத்தை அடக்க உயர்த்துவாரே, அப்படி.

“எல்லாரும் கேளுங்க. ஒரு அம்மா தனியா இருக்காங்க. அவங்களுக்கு என்னமோ ஆயிருக்குன்னு எனக்குத் தோணுது. தப்பா இருந்தா அப்புறம் என்னைக் கிண்டல் பண்ணிக்கங்க. இப்போ எல்லாரும் கையை எடுங்க. போன்லேர்ந்து கையை எடுங்க. ஹார்ட் வேணாம், கமெண்ட் வேணாம், ஒண்ணும் வேணாம். சாவித்திரிம்மா, நீங்க மட்டும். உதவி வேணும்னா ஸ்க்ரீன்ல எங்க வேணாலும் ஒரு தட்டு தட்டுங்க.”

பதினைந்து பேர் இருக்கும் பிரிவில் ஒரு சுற்றறிக்கையை எல்லோரும் பார்த்துக் கையெழுத்துப் போட, மூன்று நினைவூட்டல் அனுப்பிய துறையில் இருந்தவள் நான். அடுத்து நடந்ததை இன்னும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. கமெண்டுகள் மெலிந்தன. ஒன்றிரண்டு தயங்கி வந்தன. நின்றன. ஓரத்தில் பொங்கிக்கொண்டிருந்த இதயங்கள் கடைசியாக ஒரு கொத்து மேலே போய்க் கரைந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூலையில் ஆயிரத்துச் சொச்சம் அப்படியே இருந்தது, ஒருவரும் வெளியேறவில்லை. மாம்பலத்துச் சமையலறையில், தாம்பரம் ரயிலில், துபாயில், சிங்கப்பூரில், யார் யாரோ, ஒருவரை ஒருவர் பார்த்தறியாதவர்கள், ஒரே நேரத்தில் கையை எடுத்துவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தசாரதி கோயிலில் திரை விலகும் முன் ஒரு நொடி உண்டு, தெரியுமா? கூட்டம் முழுக்க வாயடைத்துப்போகும். அப்படி இருந்தது.

அந்த வெறுமையில் கீழேயிருந்து ஓர் இதயம் கிளம்பியது.

“வந்துடுச்சு!” என்று நான் கத்தினேன்.

அறையின் மூலையில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல். “மாமி... அது நாந்தான். கை சும்மா இருக்கமாட்டேங்குது. பழக்கத்துல தட்டிக்கினு கீறேன்.”

அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் தாஸ் கைப்பேசியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்னிடமும் இரண்டு கைப்பேசிகள் இருந்தன. ஒன்றை மெதுவாகக் கவிழ்த்து வைத்தேன்.

“மறுபடி கேக்கறேன். யாரும் தொடாதீங்க. சாவித்திரிம்மா, உதவி வேணும்னா தட்டுங்க.”

கணினி ஓர் எச்சரிக்கை காட்டியது: உங்கள் நேரலையின் ஈர்ப்பு குறைந்து வருகிறது. அக்கா கண்ணில் படாதபடி அதன்மேல் ஒரு விலைச்சீட்டை வைத்து மறைத்தேன். நொடிகள் போயின. இன்னும் போயின. பிறகு வலது பக்கம் கீழ் மூலையில் ஒரே ஓர் இதயம். தனியாக, அவசரமே இல்லாமல் மேலே வந்து, அக்காவின் முகத்தைத் தாண்டிப் போய் மறைந்தது.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த முறை யார் கையும் கைப்பேசியில் இல்லை.

என் உத்தியோக புத்தி அப்போதுதான் வேலைசெய்தது. ஒரு சாட்சியம் வந்தால் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். “எதிர்மாறா கேளு,” என்றேன். “நன்னா இருந்தா தட்டச் சொல்லு.”

அக்காவுக்கு உடனே புரிந்தது. “சாவித்திரிம்மா, நீங்க நல்லா இருந்தீங்கன்னா தட்டுங்க. இல்லைன்னா தட்டாதீங்க.”

திரை வெறுமையாகவே இருந்தது. வேண்டிய அளவு காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. “உதவி வேணுமா?” என்றார். இதயம் வந்தது.

நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். முகவரி கேட்டார்கள். ஆதம்பாக்கம் என்றேன். தெரு கேட்டார்கள். “தெருவைக் கேட்டுண்டிருக்கோம், அவா ஹார்ட் அனுப்பிண்டிருக்கா,” என்றேன். “மேடம், நீங்க நல்லா இருக்கீங்களா?” என்றார் மறுமுனையில் இருந்த பையன். அவர்மேல் குற்றமில்லை. எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையும் முகவரி இல்லாமல் தொடங்குவதில்லை. ஒருநாளும் வாங்காதவருக்கு எங்களிடம் முகவரி ஏது?

அக்கா அதற்குள் அடுத்த படிக்குப் போய்விட்டார். “ஆதம்பாக்கத்துல இருக்கறவங்க மட்டும் கமெண்ட் போடுங்க. மத்தவங்க கை அப்படியே இருக்கட்டும்.”

கீதா, ஆதம்பாக்கம்: “நான் இருக்கேன் அக்கா. செருப்பு போட்டுட்டேன். எங்க போகணும் சொல்லுங்க.”

அவரைத் தவிர இன்னும் சிலர் வந்தார்கள். கீதா இடங்களை எழுதினார், நான் வாசித்தேன், அக்கா கேட்டார். ஏரிப் பக்கமா? ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் பக்கமா? இதயம். திருப்பிக் கேட்டார், சரியாக இருந்தது. பிறகு தெருத் தெருவாக. ஒவ்வொரு கேள்விக்கும் அந்தச் சில நொடிக் காத்திருப்பு. அக்கா அவசரப்படவே இல்லை. ஒரு கேள்வி போய்ச்சேர்ந்து பதில் வரும் முன் அடுத்ததைக் கேட்டால் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று குழம்பிவிடும். காத்திருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை நான் அன்று அவர் கழுத்து நரம்பில் பார்த்தேன். நடுநடுவே புதிதாக உள்ளே வந்தவர்கள், “இந்த அரக்கு என்ன ரேட்?” என்று கேட்டார்கள். அவர்களை நான் விலக்கினேன். அந்தப் பொத்தானுக்கும் ஒரு வேளை வந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின் தெரு என்று கேட்டபோது இதயம் வந்தது. மிகவும் தாமதமாக வந்தது. திருப்பிக் கேட்டதற்குச் சரியாக வெறுமை. வீடு தெரு முனையிலா என்று கேட்டார். ஒன்றும் இல்லை. நடுவிலா? ஒன்றும் இல்லை. மாடியா? ஒன்றும் இல்லை. கீழா?

ஒன்றும் இல்லை.

“உதவி வேணுமா?” என்று முதல் கேள்வியையே மறுபடி கேட்டார். அதற்கும் இதயம் வரவில்லை.

தாஸ் எழுந்து நின்றுவிட்டார். “யக்கா, நான் வண்டிய எடுத்துக்கினு போறேன்.”

“நீ கிண்டி டிராஃபிக்லயே நிப்ப. கீதா, எங்க இருக்கீங்க?”

கீதா: “தெருவுக்கு வந்துட்டோம் அக்கா. நாலு பேர் இருக்கோம். நெறைய வீடு. பாதி பூட்டியிருக்கு. ஷாப்பிங் போயிட்டாங்க போல. ஒரே வெடி சத்தம். எந்த வீடு?”

நான் ஆம்புலன்ஸுக்குத் தெருவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த வீடு என்றுதான் அவர்களும் கேட்டார்கள். அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

“கீதா, நீங்க நாலு பேரும் உங்க போன்ல சவுண்ட மொத்தமா கொறைச்சிடுங்க. அவங்க போன் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நான் நிறுத்தாம கத்திக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு ஜன்னலா காதை வெச்சுக்கிட்டு நடங்க. எந்த வீட்டுலேர்ந்து என் குரல் வருதோ, அதுதான்.”

சொல்லிவிட்டுத் தொடங்கினார். என்ன பேசுவது? புடவை விற்க மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. வந்தது பதினாறாம் வாய்ப்பாடு.

“சிக்ஸ்டீன் ஒன்ஸ் ஆர் சிக்ஸ்டீன்! சிக்ஸ்டீன் டூஸ் ஆர் தர்ட்டி டூ! சாவித்திரிம்மா, பயப்படாதீங்க, தெருவுக்கு வந்துட்டாங்க! சிக்ஸ்டீன் த்ரீஸ் ஆர் ஃபார்ட்டி எய்ட்!”

கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரல். பாண்டி பஜாரில் நடந்து போகிறவர்கள் நின்று மேலே பார்த்திருக்க வேண்டும். பதினாறு முடிந்து பதினேழு. பதினேழு முடிந்து பதினெட்டு. நடுநடுவே, “வந்துக்கிட்டே இருக்காங்க சாவித்திரிம்மா!” தொண்டை கிழிந்தது. தாஸ் தண்ணீரை நீட்டினார். வாங்கவில்லை, வாங்கினால் சத்தம் நிற்கும். ஆயிரத்துச் சொச்சம் பேர் ஒரு கமெண்ட் இல்லாமல், ஓர் இதயம் இல்லாமல், ஒரு கணக்கு டீச்சர் அலறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய மனிதர்கள், பெரிய கூட்டங்கள், திறப்பு விழாக்கள் எல்லாம் அந்த நிமிடம் சின்னதாகப் போயின.

பத்தொன்பதில் பாதியில் இருந்தார். திரையில் ஒரே ஒரு கமெண்ட் எழுந்தது. என்னால் வாசிக்க முடியவில்லை, கண் மறைத்தது. தாஸ்தான் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“அக்கா, வாய்ப்பாடு கேக்குது.”

பின்கட்டில் ஒற்றை அறைப் போர்ஷன். உள்ளே தாழ். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து கதவை உடைத்தார். சமையல் மேடைக்குக் கீழே சாவித்திரி இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். கண்ணாடி எங்கோ தெறித்துப் போயிருந்தது. அது இல்லாமல் அவருக்குத் தன் கையே தெரியாது. யாரையாவது கூப்பிடலாம் என்று தடவிய இடமெல்லாம் கமெண்டாகிவிட்டது.

இனி வருமானக் கணக்கு. நீங்கள் இதற்குத்தானே வந்திருக்கிறீர்கள். அன்று நேரலை அதோடு முடிந்தது. நடுவில் இருந்த மௌனத்தைக் கணினி தோல்வி என்று குறித்துக்கொண்டது. அடுத்த சில வாரம் எங்களை யாருக்கும் காட்டவில்லை. அந்த ஒற்றை இதயம் மேலே போகும் காட்சியை யாரோ பதிவு செய்து, சோகமான வயலின் இசை சேர்த்துத் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். அது ஊரெல்லாம் ஓடியது. அதற்கான வருமானம் அவர்களுக்கு. கீழே ‘இந்த அக்கா தெய்வம்’ என்று எழுதியவர்களில் எத்தனை பேர் புடவை வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள். ஆரணி மூட்டையில் முக்கால்வாசி அறையிலேயே தங்கியது. பொங்கலுக்குப் பிறகு அக்கா ஒரு டியூஷன் சென்டரில் காலையில் கணக்கு எடுக்கப் போனார்; நேரலை மாலையில் மட்டும் என்றானது. அந்த அறையைக் காலி செய்தோம். இப்போது நீங்கள் பார்க்கும் அடையாறு இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. மூட்டையை முழுக்கக் கரைத்திருந்தால் முன்பே வந்திருப்போம். இதை ஒருநாள் அவரிடமே சொன்னேன். “ஆமா மாமி,” என்றார். “இந்த முந்தானைய கொஞ்சம் புடிங்க.”

மருத்துவமனைக்கு நாங்கள் இருவரும் போனோம். சாவித்திரி என்னைவிடச் சின்ன உருவம். அக்கா வாயைத் திறந்து, “எப்படி இருக்கீங்க?” என்றதும்தான் யார் என்று தெரிந்து, கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“கடைசியில ஏன் தட்டலை நீங்க?” என்று நான் கேட்டேன். எனக்கு எதையும் விசாரித்துத் தீர்த்தாக வேண்டும்.

“கை தூக்க வரலை. ஆனா எல்லாம் கேட்டுது. இவ வாய்ப்பாடு சொல்லிண்டே இருக்கா. அப்புறம் பாத்தா வாசல்லேர்ந்து யாரோ, ‘சாவித்திரிம்மா, சாவித்திரிம்மா’ன்னு கூப்பிடறா. இந்தத் தெருவுல என் பேரு யாருக்கும் தெரியாது, தெரியுமோ? வீட்டுக்காராகூட என்னைப் பின்கட்டு மாமின்னுதான் சொல்வா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன?” கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். “எழுந்துக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடறச்சே பேசாம இருக்க முடியுமா? ‘இதோ வரேன்’னு சொன்னேன்.”